பழைய பிளேயர் செயலி அப்டேட்டில் நின்றுபோன அனுபவங்கள்

நகரியிலிருந்து (சித்தூர் மாவட்டம்)

பகலில் எனக்குப் பவர்லூம் வேலை. ஊர் ஊராகத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் ஆரம்பித்துவிட்டால் இரவில் கூத்து. ஆந்திராவுக்குள் இருந்தாலும் எங்கள் குழு பாடுவது தமிழில்தான். நான் பின்பாட்டு.

எங்கள் கூத்து வாத்தியார் தவறி ஒன்பது வருடம் ஆகிறது. அவர் பாடியதை எங்கள் அப்பா கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். மொத்தம் 41 கேசட். திருத்தணியில் ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி வாங்கினேன். ஒரு பக்கம் ஓடினால் முக்கால் மணி நேரம், நடுவில் பிரிவே கிடையாது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது பாடும் விருத்தம் அதில் எங்கே இருக்கிறது என்று தேடவே அரை மணி ஆகும்.

அதற்கு எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய பிளேயர் செயலி. யாரோ தனி ஆள் செய்தது. 2014-க்கு அப்புறம் அதற்குப் புதுப் பதிப்பே வரவில்லை. ஆனால் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும். இங்கே ஒரு குறி, அங்கே ஒரு குறி என்று வைத்துவிட்டால் அந்தத் துண்டே திரும்பத் திரும்ப ஓடும். வாத்தியார் ஒரு சொல்லை இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி, தாளத்தில் வந்து உட்காரும் இடத்தை நூறு தடவை கேட்டுத்தான் நான் பிடித்தேன். அப்படி முந்நூறுக்கு மேல் குறிகள் வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பெயரும் போட்டிருந்தேன்: ‘படுகளம், இரண்டாம் அடி’, ‘தபசு, இழுப்பு’ என்று.

போன மாசியில் போனில் ஆண்ட்ராய்டு 14 அப்டேட் வந்தது. இரவு போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் செயலியைத் தொட்டால், இது பழைய ஆண்ட்ராய்டுக்காகச் செய்யப்பட்டது என்று ஒரு எச்சரிக்கை வந்தது. சரி என்று அழுத்தினேன். திறந்த வேகத்தில் தானே மூடிக்கொண்டது. நாலைந்து தடவை பார்த்தேன், அதே கதை.

அப்போது நான் செய்ததைத்தான் நீங்கள் யாரும் செய்யக் கூடாது. எடுத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகும் என்று செயலியை அன்இன்ஸ்டால் செய்தேன். பிளே ஸ்டோரில் தேடினால் அந்தப் பெயரே இல்லை. மெமரி கார்டில் அதன் ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, இருந்தது. அதைத் தொட்டால் இந்தப் போனில் நிறுவ முடியாது என்று சொல்லிவிட்டது.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்புகளைக் குறிவைத்துச் செய்த செயலிகளைப் புதிதாக நிறுவ ஆண்ட்ராய்டு 14 விடாது. 6-ஆம் பதிப்பில்தான் கேமரா, மைக், தொடர்புகள் என்று ஒவ்வொன்றுக்கும் செயலி நம்மிடம் தனித்தனியாக அனுமதி கேட்கும் முறை வந்தது. அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்கவே சில திருட்டுச் செயலிகள் வேண்டுமென்று பழைய பதிப்பைக் குறிவைத்து வந்தன. அவற்றுக்குப் போட்ட பூட்டில் நம் பழைய நல்ல செயலிகளும் மாட்டிக்கொண்டன. ஏற்கெனவே போனில் இருப்பவை அப்டேட்டுக்குப் பின்னும் இருக்கும். நாமே எடுத்துவிட்டால்தான் திரும்பி வராது.

பாட்டுகள் எதுவும் போகவில்லை, 41 கேசட்டும் கார்டில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் குறிகள் கார்டில் இல்லை. அவை செயலியின் சொந்தக் கிடங்கில் இருந்தன. செயலியை எடுத்ததும் அந்தக் கிடங்கும் சேர்ந்து அழிந்துவிட்டது. ஆறு வருடம் உட்கார்ந்து வைத்த குறிகள். அன்று தறிக்குப் போகவில்லை. வாத்தியாரை இன்னொரு தடவை பறிகொடுத்த மாதிரி இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து (பாலக்காடு மாவட்டம்)

அண்ணா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. குறிகளுக்கு என்னிடம் வழி இல்லை. செயலியைத் திரும்பப் போட மட்டும் ஒரு வழி உண்டு. போனைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, டெவலப்பர் ஆப்ஷனில் யுஎஸ்பி டீபக்கிங்கைத் திறந்து, ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) மூலம் நிறுவலாம். அந்தப் பூட்டைத் தாண்டச் சொல்லும் ஒரு கூடுதல் சொல்லைக் கட்டளையில் சேர்க்க வேண்டும். ஏபிகே நம்பகமான இடத்திலிருந்து வந்தது என்றால் மட்டும் செய்யுங்கள். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை மூடிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது வீடியோவில். மாமாவின் கல்யாணப் படம் போனில் இருந்தது. பிளேயர் அப்டேட் ஆன மறுநாள் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பார்த்தால் அதன் ஒலி ஏசி3 என்ற ஒலி வடிவத்தில் இருந்தது. அந்த வடிவத்துக்கு உரிமக் கட்டணச் சிக்கல் இருந்ததால் சில பிளேயர்கள் அதைக் கழற்றிவிட்டன. அதற்கான கோடெக்கை (அந்த வடிவத்தைப் பிரித்து ஒலியாக்கும் துணை நிரலை) தனியாகப் போட்டால் பாடும், ஆனால் கோடெக்கின் பதிப்பு பிளேயரின் பதிப்போடு பொருந்த வேண்டும். பிளேயர் மட்டும் தானாக அப்டேட் ஆனதால் இரண்டும் ஒட்டவில்லை. விஎல்சி என்ற வேறொரு பிளேயரில் திறந்தோம், உடனே நாதஸ்வரம் கேட்டது. அத்தைக்குக் கண்ணில் தண்ணீர். அப்போதே இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்தேன்.

மூணாறிலிருந்து

என் கதை சின்னது. எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டுப் பாட்டியின் போனில், அப்டேட்டுக்குப் பிறகு பிளேயர் பட்டியல் காலி. பேரன் கார்டை ஃபார்மேட் செய்யப் போய்விட்டான். நல்ல வேளை, நான் அந்த நேரம் போனேன். ஆண்ட்ராய்டு 13 முதல் பாட்டுக்கு, வீடியோவுக்கு, படத்துக்குத் தனித்தனி அனுமதி. அமைப்புகளில் போய்ப் பாட்டுக்கான அனுமதியைத் திறந்தேன், எல்லாம் வந்துவிட்டது. பட்டியல் காலி என்பதால் கோப்பும் காலி என்று நினைக்காதீர்கள். முதலில் ஃபைல் மேனேஜரில் பாருங்கள்.

நகரியிலிருந்து, மறுபடி

கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு நன்றி. ஒரு பையனைப் பிடித்து ஏடிபி வழியாகவே போட்டுப் பார்த்தோம். நிறுவியது. ஆனால் திறந்தால் முன்பு மாதிரியே மூடிக்கொண்டது. அப்புறம் அலமாரியில் கிடந்த என் தங்கையின் பழைய போனை எடுத்தேன். ஆண்ட்ராய்டு 9. அதில் அதே ஏபிகே ஒரு தகராறும் இல்லாமல் ஏறியது. சிம் போடவில்லை, வைஃபை கொடுக்கவில்லை. அதில் வாத்தியார் மட்டும் இருக்கிறார்.

குறிகளை முதலிலிருந்து வைக்கிறேன். இந்தத் தடவை ஒவ்வொன்றையும் நோட்டிலும் எழுதுகிறேன்: கேசட் எண், பக்கம், நிமிடம், நொடி, பாட்டின் முதல் சொல். முந்நூறில் எழுபது முடிந்திருக்கிறது. முன்பு வைத்த சில இடங்கள் எதற்கு வைத்தேன் என்றே நினைவில்லை, திரும்பக் கேட்டால்தான் வருகிறது. நேற்றிரவு 17-ஆவது கேசட், ‘ஆ’ பக்கம், 22 நிமிடம் 40 நொடியில் வாத்தியார் பாட்டை நிறுத்தி, முகவீணை ஊதுபவரிடம் ‘இன்னும் கொஞ்சம் இறக்கிப் பிடி’ என்று சொல்வது கேட்டது. இத்தனை வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை. அதையும் நோட்டில் எழுதி வைத்தேன்.