"கொழிஞ்சாம்பாறை வீடு" வாட்ஸ்அப் குழுவில் சரசு அத்தை கேட்ட 15,000

குமார் சித்தப்பா: சரசு அக்கா நம்பரிலிருந்து பணம் கேட்டு வந்தால் யாரும் அனுப்ப வேண்டாம். அவசரம்.

பெரியம்மா: சரசுவுக்கு என்ன? ஆஸ்பத்திரியா?

குமார் சித்தப்பா: ஆள் நல்லா இருக்காங்க அண்ணி. வாட்ஸ்அப்தான் போச்சு.

மணி மாமா: எனக்கே வந்தது. "தயவுசெய்து 15,000 அனுப்பவும், மாலையில் திருப்பித் தருகிறேன்." கல்யாணமான நாளிலிருந்து அவள் தயவுசெய்து என்றதும் இல்லை, திருப்பித் தருகிறேன் என்றதும் இல்லை. உடனே தெரிந்துவிட்டது.

தேவி: எப்படிப் போச்சு மாமா?

மணி மாமா: வேலந்தாவளம் செல்லம் அக்கா நம்பரிலிருந்து "ஆறு இலக்க எண் ஒன்று தவறி உனக்கு வந்துவிட்டது, அனுப்பு" என்று கேட்டிருக்கிறார்கள். அது இவள் வாட்ஸ்அப்பைத் திறக்கும் எண். இவளும் அனுப்பிவிட்டாள். செல்லம் அக்கா நம்பர் அதற்கு முன்பே பறிபோயிருக்கிறது.

தேவி: முதலில் அத்தை நம்பரைக் குழுவிலிருந்து எடுங்க. இங்கே எழுதுவதெல்லாம் திருடன் படிப்பான். அட்மின் யாரு?

குமார் சித்தப்பா: சரசு அக்காதான்.

தேவி: வேற?

குமார் சித்தப்பா: பெரியண்ணன். அவர் போனை எங்கே பார்க்கிறார்.

ரவி: 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புது பிரைவசி பாலிசி வந்தபோதே வெளியேறலாம் என்றேன். சின்னதாகச் சொல்கிறேன். 2014-ல் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அன்றிலிருந்து நாம் அந்த ஒரே கம்பெனி கையில். ட்விட்டர் மாதிரியான மாஸ்டடான் என்ற சமூக வலைதளம் அப்படியில்லை. 2016-ல் ஜெர்மனியில் ஓய்கென் ரோச்கோ தொடங்கியது. ஏகப்பட்ட சர்வர்கள், ஒவ்வொன்றையும் ஒருவர் நடத்துகிறார். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மெயில் போகிறமாதிரி, ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வர்காரரோடு பேசலாம். அதற்கான ஆக்டிவிட்டிபப் நெறிமுறைக்கு 2018-ல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒப்புதல் கொடுத்தது. 2022 அக்டோபரில் மஸ்க் ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கியதும் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள்.

பெரியம்மா: சாப்பிட்டாயா கண்ணு?

மீரா: ரவி மாமா, மாஸ்டடானில் தனிச் செய்திக்குப் பூட்டு இல்லை. சர்வர் நடத்துகிறவர் நினைத்தால் படிக்கலாம்.

ரவி: உனக்கு யார் சொன்னது?

மீரா: ஸ்கூலில் லிட்டில் கைட்ஸ் என்ற கம்ப்யூட்டர் கிளப்பில் இருக்கிறேன் மாமா.

ரவி: அது பொதுவில் எழுத. குடும்பத்துக்கு மேட்ரிக்ஸ். அதிலும் பல சர்வர்கள், ஆனால் செய்திக்குப் பூட்டு உண்டு. எலிமென்ட் செயலி போட்டால் போதும்.

மீரா: 2023 மே மாதம் மத்திய அரசு முடக்கிய 14 செயலிகளில் அதுவும் ஒன்று.

ரவி: மேட்ரிக்ஸுக்கு வேறு செயலியும் உண்டு. சர்வரை நம் வீட்டிலேயே வைக்கிறேன்.

குமார் சித்தப்பா: யார் வீட்டில்?

ரவி: எங்கள் மாடியில்.

குமார் சித்தப்பா: பொதுக் கிணற்று மோட்டார் ரூம் சாவியையே உங்கப்பா இன்றுவரை யாரிடமும் தந்ததில்லை.

பெரியம்மா: அந்தப் பேச்சு இப்போ எதுக்கு?

குமார் சித்தப்பா: சும்மா சொன்னேன் அண்ணி.

ரவி: சித்தப்பா, பூட்டிய செய்தியை என்னாலும் படிக்க முடியாது. யார் எந்தக் குழுவில், எப்போது பேசினார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

குமார் சித்தப்பா: அது போதாதா?

மணி மாமா: செல்லம் அக்கா கேட்டால் இவள் வளையலையே கழற்றிக் கொடுப்பாள். மேட்ரிக்ஸில் மட்டும் யோசிப்பாளா?

பெரியம்மா: காதுகுத்துப் பத்திரிகை மலையாளத்திலும் அடிக்கணுமா? சித்தூர்க்காரங்க கேட்டாங்க.

குமார் சித்தப்பா: ஐம்பது போதும். போன தடவை மாதிரி என் பெயரைக் கடைசியில் போட வேண்டாம்.

பெரியம்மா: தோடு வாங்கியாச்சு. எங்க பீரோவில் மேல் தட்டில்

தேவி: பெரியம்மா, இங்கே எழுதாதீங்க!

ரவி: இப்போதைக்கு சிக்னல் செயலியில் ஒரு குழு தொடங்குகிறேன். அதுவும் ஒரே அமைப்பின் சர்வர்தான், ஆனால் லாபநோக்கில்லாதது. லிங்க் போடுகிறேன்.

மணி மாமா: தொடலாமா? நீ ரவிதானே?

தேவி: இங்கே போட்டால் திருடனும் வந்து சேருவான் அண்ணா.

மீரா: சரசு அம்மாயி நம்பரை வாட்ஸ்அப்பில் மறுபடி பதிந்தேன். எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணைப் போட்டதும் அவன் வெளியே போய்விட்டான். ஆனால் அவன் ஒரு ரகசிய பின் நம்பர் (PIN) வைத்திருக்கிறான். நாம் உள்ளே போக ஏழு நாள் ஆகும். தாத்தா, சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டீங்களா?

மணி மாமா: லைன் பிசி.

பெரியம்மா: அப்போ இனி தோடு விஷயம் எழுதலாமா?

ரவி: அம்மா, வேண்டாம். மேட்ரிக்ஸ் பற்றி ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் நேரில் விளக்குகிறேன்.

குமார் சித்தப்பா: பந்தி முடிந்த பிறகு.