"18 நிமிட ரைடு" என்று அளந்து விடுபவர்களுக்கு

குடைராட்டினம்:
பக்கத்துத் திரியில ஒருத்தர் சூடம் ஏத்தாத குறையா எழுதியிருக்கார்: "ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் 18 நிமிட ரைடு, இதுவரை வந்ததையெல்லாம் மூட்டை கட்டி வைக்கலாம்." டிஸ்னி பூங்காவோட ஸ்டார் வார்ஸ் ரைடைத்தான் சொல்றார். பதினெட்டாம்! வண்டியில உட்கார்ந்து பெல்ட் போட்டதுலேருந்து இறங்குற வரைக்கும் சுமார் 5 நிமிஷம். மிச்சமெல்லாம் நிக்கிறது, நடக்கிறது, மறுபடி நிக்கிறது. 2019 டிசம்பர் 5 அன்னிக்கு ஃப்ளோரிடா ஹாலிவுட் ஸ்டுடியோஸ்ல திறந்ததுலேருந்து இதே பாட்டுதான். 2020 ஜனவரி 17-ல டிஸ்னிலேண்டுலயும் திறந்தாச்சு, இப்ப கலிஃபோர்னியா கோஷ்டியும் சேர்ந்து பாடுது.

பனிக்கோள்வாசி:
அந்த "ஒருத்தர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். 18 என்பது என் கற்பனை இல்லை, டிஸ்னி சொன்ன கணக்கு. குகை அறையில் பிபி-8 ரோபோ வந்து, படத்தின் நாயகி ரே ஹாலோகிராமில் பேசத் தொடங்கும்போதே ரைடு தொடங்கிவிட்டது. அடுத்து விண்கப்பல். ஒரு முனையில் நியென் நன்ப் ஓட்டுகிறார், மறுமுனையில் லெப்டினன்ட் பெக் கட்டளை போடுகிறார், தளம் குலுங்குகிறது, எதிரிக் கப்பல் நம்மை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நகர்கிற ஒன்றுக்குள் ஆள் இருந்தால் அது ரைடுதான். 18.

திருகாணி:
நகருதா? எங்க நகருது? அந்தக் கப்பல் ஓரடி முன்னால போறதில்ல. மொத்த அறையும் ஒரு சுழல்மேடை மேல இருக்கு. ஜன்னல்ல தெரியிறது திரை. நீங்க திரையில சண்டை பார்த்துட்டிருக்கும்போது அறை மெல்லத் திரும்பிடும், தளம் குலுங்குறதால திரும்பினது உடம்புக்குத் தெரியாது. அதனாலதான் வெட்டவெளியிலேருந்து ஏறின அதே கதவு திறந்ததும், எதிர்ல 50 ஸ்டார்ம்ட்ரூப்பர், அதாவது எதிரிப் படை வீரர் பொம்மைங்க, அணிவகுத்து நிக்கிற கூடம் தெரியுது. வேலைப்பாட்டைக் குறை சொல்லல, இதைவிட நல்ல ஏமாத்து வேலை எந்தப் பூங்காவுலயும் இல்ல. ஆனா நின்னுக்கிட்டுப் பார்க்கிற முன்காட்சி அது. டிஸ்னிலேண்டோட பேய் பங்களா ரைடு ஹாண்டட் மேன்ஷன்ல 1969-லேருந்து நீளும் அறை இருக்கே, அது நிஜ லிஃப்ட். ஆளைக் கீழ இறக்கி, ரயில் பாதைக்கு அடியில கூட்டிட்டுப் போய் வண்டியில ஏத்துது. அந்த லிஃப்டையும் ரைடு நேரத்துல சேர்த்துக்குவீங்களா?

பனிக்கோள்வாசி:
சேர்த்துக்கொள்வேன்.

குடைராட்டினம்:
ஃப்ளோரிடா மேன்ஷன்ல அறை இறங்காது, கூரைதான் மேல போகும். அதையும் சேர்த்துக்குவீங்களா?

பனிக்கோள்வாசி:
பேச்சை மாற்றாதீர்கள். 18.

காத்திருப்போர்சங்கம்:
திருகாணி அண்ணே, தலைப்புல ஒரு எச்சரிக்கை போட்டிருக்கக் கூடாதா? அந்தக் கதவு ரகசியம் தெரியாம போறவங்களுக்குத்தான் முழு ருசி. இப்படிப் போட்டு உடைச்சிட்டீங்களே.

திருகாணி:
ரைடைப் பத்தின திரிக்குள்ள வந்துட்டு ரைடைப் பத்திப் பேசாதேன்னா எப்படி?

நடுவழி:
'ரைடு' என்பதற்கு முதலில் ஒரு வரையறை வைத்துக்கொள்வோமே? உட்கார்ந்த நேரமா, முதல் கதவு மூடியதிலிருந்தா? அதை முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தேன்குடம்_டோக்கியோ:
ரைஸில் ஓடுகிற, தண்டவாளம் இல்லாத வண்டியை ஏதோ இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி எல்லாத் திரியிலும் குதிக்கிறார்கள். டோக்கியோ டிஸ்னிலேண்டில் பூஸ் ஹனி ஹன்ட் 2000 செப்டம்பர் 4-லேயே திறந்தது. ஹாங்காங்கில் மிஸ்டிக் மேனர் 2013. பாரிஸில் ரட்டட்டூயி 2014. வண்டிகள் தனித்தனியாகப் பிரிந்து, ஒன்றையொன்று சுற்றி, மறுபடி சேர்கிற ஆட்டம் ரைஸ் வந்தபோதே சுமார் 20 வயதுப் பழசு.

குடைராட்டினம்:
அப்படிப் போடுங்க. இவங்க 5 நிமிஷத்தை 18 ஆக்குற மாதிரி, 20 வருஷப் பழசைப் புதுசாக்கிட்டாங்க.

திருகாணி:
தேன்குடம் சொன்னது பாதி சரி. வண்டி பழசு, அதை வெச்சுச் செஞ்சிருக்கிறது புதுசு. வரிசையா சொல்றேன். சிறை அறையில அடைச்சதும் மேல் நடைபாதையில வில்லன்கள் கைலோ ரென்னும் ஜெனரல் ஹக்ஸும் வருவாங்க. அப்புறம் சுவரை வெளிப்பக்கமிருந்து தீயால அறுத்து வழி திறப்பாங்க. அங்கதான் வண்டி நிக்குது: வரிசைக்கு 4 பேர், 2 வரிசை, மொத்தம் 8 பேர். முன்னால ஓட்டுநரா ஒரு ரோபோ. 2 வண்டி ஜோடியா கிளம்பும், அதாவது ஒரு ஓட்டத்துக்கு 16 பேர். நாலு கால்ல நடக்கிற ராட்சதப் போர் இயந்திரமான ஏடி-ஏடி, நிஜ அளவுல ரெண்டு நிக்கிற கூடத்துல வண்டியோட லிஃப்ட்ல ஏறி மேல்மாடி போறீங்க. கட்டளை மேடையில கைலோ, கூரையைக் கிழிக்கிற ஒளிவாள், பீரங்கி வரிசை, கடைசியா தப்பிக்கும் கலம். அங்க வண்டி ஒரு அசையும் மேடையில பூட்டிக்கும், கலம் கழண்ட மாதிரி மேடையே கீழ விழும், பிறகு எதிர்த் திரைக்கு ஏத்தபடி ஆட்டும். ஏத்தின மாடியை இறக்கித்தானே ஆகணும்? அந்த இறக்கத்தையே உச்சக்கட்டம் ஆக்கியிருக்காங்க. இது ஹனி ஹன்ட்ல கிடையாது.

சிக்கலும் இங்கதான். ஜோடியில ஒரு வண்டி தயங்கினா அடுத்ததும் நிக்கும். அது நின்னா பின்னால வர்ற ஜோடிக்கு லிஃப்ட் கிடைக்காது. லிஃப்ட் காலியாகலேன்னா சிறை அறை காலியாகாது, சிறை காலியாகலேன்னா கப்பலைத் திறக்க முடியாது. சங்கிலி மாதிரி மொத்தமும் கட்டிக்கிட்டிருக்கு. திறந்த புதுசுல அடிக்கடி நின்னதுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்ல. 2021 வரைக்கும் வரிசைக்குப் பதிலா செயலியில குழு எண் கொடுத்தாங்களே, அதை வாங்கினவங்களுக்கே பிற்பகல் வரைக்கும் அழைப்பு வராம இழுத்துச்சு. 'மாற்றுக் குழு'ன்னு எண் வந்திருந்தா அன்னிக்கு ஏறுவோம்ங்கிற உறுதியே இருக்கல.

பனிக்கோள்வாசி:
இவ்வளவு எழுதிவிட்டு இதில் 5 நிமிடம்தான் ரைடு என்கிறீர்களே! நீங்களே சொன்ன சங்கிலியில் கப்பலும் சிறையும் இருக்கிறதா இல்லையா? அவற்றைக் கழித்துவிட்டால் மீதியை ஓட்டவே முடியாது. 18.

திருகாணி:
சமையலறை இல்லாம ஹோட்டல் ஓடாது. அதுக்காக அடுப்படியில நிக்கிறவன் சாப்பிட்டவன் ஆகமாட்டான். 5.

பனிக்கோள்வாசி:
டிஸ்னிக்குப் போட்டியான யூனிவர்சல் பூங்கா மீது உங்களுக்குள்ள பாசம் எல்லாருக்கும் தெரியும். அவர்களுடைய ஹாக்ரிட் மோட்டார் பைக் கோஸ்டர் திரியில் ஒரு குறையைக் கூடச் சொல்ல விடாமல் அடைத்தவர்தானே நீங்கள்.

திருகாணி:
அதுல என்ன குறை? 7 முறை உந்தித் தள்ளுது, பின்னோக்கி ஓடுது, தண்டவாளத்தோட சேர்ந்து கீழ விழுது. அவங்க யாரும் வரிசையில நின்ன நேரத்தைச் சேர்த்து விளம்பரம் பண்ணல. 2019 ஜூன் 13 திறந்த அன்னிக்கு அங்க வரிசை 10 மணி நேரம். உங்க கணக்குப்படி ஹாக்ரிட் 10 மணி நேர ரைடு.

குடைராட்டினம்:
இதை அச்சடிச்சு மாட்டணும்.

பனிக்கோள்வாசி:
வரிசையும் காட்சியும் ஒன்றா? கப்பலுக்குள் ரோபோ நடிகர்கள், கூடத்துக்குள் 'ஃபர்ஸ்ட் ஆர்டர்' என்கிற எதிரிப் படையின் சீருடையில் அதட்டுகிற பணியாளர்கள். வண்ணக் கோட்டில் நிற்கவைத்து, "வாயை மூடு" என்கிற தோரணையில் பிரித்து அனுப்புகிறார்கள். அந்த அதட்டலில்தான் பாதி ரைடு இருக்கிறது. நான் கைதி என்று நம்பவைப்பது அந்த நடைதான், வண்டி இல்லை.

தேன்குடம்_டோக்கியோ:
கீழே விழும் பகுதியாவது புதிதா? டவர் ஆஃப் டெரர் 1994, அதே ஹாலிவுட் ஸ்டுடியோஸ். லிஃப்ட் கூண்டு தன் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, தரையில் தானாக ஊர்ந்து, வேறொரு சுரங்கத்துக்குள் போய் விழுகிறது.

திருகாணி:
அது சரி. ஆனா அங்க விழுறதுதான் முழுப் பாடமே, மோட்டார் கீழ்நோக்கி இழுக்கிறதால இருக்கையிலேருந்து உடம்பு எழும்பும். இங்க ஒரு மாடி இறக்கம், ஒரே முறை. ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க.

தேன்குடம்_டோக்கியோ:
ஒன்றாக வைக்கவில்லை. முன்னது முன்னதுதான் என்கிறேன்.

நடுவழி:
வரையறை கேட்டேனே?

காத்திருப்போர்சங்கம்:
18-ஓ 5-ஓ, அந்தப் பீரங்கி பின்னால உதைக்காம சும்மா நிக்கிறதைப் பத்தி யாரும் பேசமாட்டேங்கிறீங்க. ரெண்டு பீரங்கிக்கு நடுவுல வண்டி பாய்ஞ்சு தப்பிக்கிற காட்சி அது. பீரங்கி அசையலேன்னா வண்டி ஏன் தயங்கித் தயங்கிப் போகுதுன்னே புரியாது.

திருகாணி:
அதான் மாற்று முறை. ஒரு உருப்படி கெட்டா ரைடை நிறுத்தாம, அதை மட்டும் அணைச்சிட்டு ஓட்டுவாங்க. கைலோ பொம்மை பழுதானா திரையில வெறும் கைலோ வருவார். நிறுத்துறதைவிட அதுதான் சரி, முன்ன சொன்ன சங்கிலியை யோசிச்சுப் பாருங்க.

காத்திருப்போர்சங்கம்:
சரியா? அப்ப விடியறதுக்கு முன்ன வாசல்ல நின்னு குழு எண் வாங்கினவங்களுக்கு, கடைசியில திரையில கைலோவா? பாதிப் படையலுக்கு முழுக் காணிக்கை. நிறுத்திச் சரி பண்ணிட்டு ஓட்டணும்.

திருகாணி:
நிறுத்தியிருந்தா கடைசிக் குழுக்கள் அன்னிக்கு ஏறியிருக்காது. அவங்ககிட்ட போய் இதைச் சொல்லுங்க.

பனிக்கோள்வாசி:
முதன்முறையாகத் திருகாணி சொல்வதோடு ஒத்துப்போகிறேன். திரையில் கைலோ வந்தாலும் மீதி 17 நிமிடம் அப்படியே இருக்கிறதே.

குடைராட்டினம்:
மீதி 4!

காத்திருப்போர்சங்கம்:
பீரங்கிக்குப் பதில் சொல்லுங்கய்யா. எடை அதிகமா, தாங்கி தேயுதா, எதனால முதல்ல அதையே அணைக்கிறாங்க?

திருகாணி:
என் ஊகம்தான்: அவ்வளவு பெரிய உருப்படி முன்னும் பின்னும் பாய்ஞ்சு நின்னா, ஒவ்வொரு ஜோடிக்கும் அதே அடி. நாள் முழுக்க அதே இடத்துல அடி வாங்கினா எந்த இயந்திரமும் தேயும். அதோட வண்டி அந்தப் பாதைக்குள்ள இருக்கும்போது பீரங்கி இருக்கிற இடம் துல்லியமா தெரியலேன்னா பாதுகாப்புப் பூட்டு வண்டியை நிறுத்திடும். அதனால அணைச்சு வைக்கிறதுதான் அவங்களுக்குச் சுலபம்.

காத்திருப்போர்சங்கம்:
சுலபம்னா ஏன் கட்டினாங்க?