ஆசிட் நார்மல், ஆனா நெஞ்சு எரியுது. மாத்திரை கேக்குமான்னு ட்யூப் டெஸ்ட் சொல்லுமா?

புளியேப்பம்: மூணு மாசமா ஆசிட் குறைக்கற பான்டோப்ரசோல் 40 மாத்திரை போடுறேன், எரிச்சல் பாதிதான் குறைஞ்சிருக்கு. எண்டோஸ்கோபில ஒண்ணும் இல்ல. இப்ப மூக்கு வழியா ட்யூப் விட்டு ஆசிட் உணவுக்குழாய்க்கு எதுக்களிக்குதான்னு 24 மணி நேரம் பாக்கணும்ங்கறாங்க. எடுத்தா பிரயோஜனம் உண்டா?

கொங்கு ராசா: தண்டச் செலவுங்க. ரெண்டு வேளையா போட்டுப் பாருங்க, கேட்டுச்சுன்னா ஆசிடு, கேக்கலைன்னா வேற என்னமோ. மாத்திரையேதான் டெஸ்டு. எங்கம்மாவுக்கு நாலே நாள்ல அடங்கிருச்சு.

மீனா மதுரை: டம்மி மாத்திரைக்கே சிலருக்கு அடங்கும்ண்ணா, அத வச்சு என்னத்த கண்டுபிடிக்க? எனக்கு அந்த டெஸ்ட்ல உணவுக்குழாய்ல ஆசிட் இருந்த நேரம் 2 சதவீதம்தான், 4க்கு கீழன்னா நார்மலாம், ஆனா எரியும்போதெல்லாம் பட்டன் அமுக்கச் சொன்னாங்க, 11 தடவ அமுக்குனதுல 8 தடவ அதுக்கு முந்துன ரெண்டு நிமிஷத்துக்குள்ள எதுக்களிச்சிருக்கு. ஆசிட் சாதாரணம், உணவுக்குழாய்க்குத்தான் ரோஷம் ஜாஸ்தி. 2016ல வந்த ரோம் 4ங்கற குடல் கோளாறு வரையறைல இதுக்கு ரிஃப்ளக்ஸ் (எதுக்களிப்பு) ஹைப்பர்சென்சிட்டிவிட்டின்னு தனிப் பேரே இருக்கு. எனக்கு அதோட நரம்ப அடக்குற மாத்திரை கொஞ்சமா சேத்தாங்க, அப்புறந்தான் தூக்கமே.

கொங்கு ராசா: பட்டன அமுக்கறது நீங்கதானுங்களே அம்மிணி. பயந்தவன் அம்பது தடவ அமுக்குவான், தூங்குனவன் அமுக்கவே மாட்டான். அதுல சதவீதம் போட்டா அது ஜோசியம்.

நைட் டியூட்டி: (பிஜி படிக்கிறேன்) ராசா சார் பட்டனப் பத்தி சொன்னது சரிதான், ஒரே ஆளுக்கே இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு வரும். அதனாலதான் அதே ட்யூப்ல, ராத்திரி தூங்கறப்ப உணவுக்குழாய் சவ்வோட மின்தடையையும் பாக்கறாங்க, ஆசிட் பட்டுப் பட்டு சவ்வு இளகியிருந்தா அது இறங்கும். 1500 ஓமுக்கு கீழன்னா ஆசிட் பக்கம் சாயலாம், மாத்திரை கேக்க வாய்ப்பு அதிகம். 2500க்கு மேலன்னா சந்தேகம்தான். இதுல அமுக்கற வேலையே கிடையாது.

ஆனா அமெரிக்க படைவீரர் ஆஸ்பத்திரிகள்ல நடந்து 2019ல வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. மாத்திரை கேக்கலைன்னு வந்த 366 பேர்ல, ஒமெப்ரசோல (இதுவும் உங்க மாத்திரை வகைதான்) ரெண்டு வேளை ஒழுங்கா சாப்பாட்டுக்கு முன்னாடி போட வச்சதுலயே 42 பேருக்கு ரெண்டு வாரத்துல சரியாயிடுச்சு!

கொங்கு ராசா: கேட்டீங்களா 😀 மாத்திரையே டெஸ்டு.

மீனா மதுரை: மீதிய ஏண்ணா விட்டுட்டீங்க, நானும் அத படிச்சேன். 99 பேருக்கு எரிச்சலுக்கும் ரிஃப்ளக்ஸுக்கும் சம்பந்தமே இல்ல. கடைசில 78 பேரப் பிரிச்சு, எதுக்களிப்பத் தடுக்கற ஆபரேஷன் பண்ணதுல 67 சதவீதம் பேருக்கு சுகம், மருந்து கூட்டிக் குடுத்ததுல 28தான். அந்த 78ல என்னைய மாதிரி ரோஷக் கேஸும் உண்டு. அவங்கள பொறுக்கி எடுத்தது எது? இதே ட்யூப்தான்.

நைட் டியூட்டி: புளியேப்பம், நீங்க மாத்திரைய எப்ப போடுறீங்க?

புளியேப்பம்: டிபன் முடிச்சு, காபி குடிச்சுட்டு.

நைட் டியூட்டி: அடப்பாவமே. சாப்பிடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டாத்தான் அது நல்லா வேலை செய்யும். முதல்ல உங்க டாக்டர்ட்ட இத சொல்லுங்க.

புளியேப்பம்: சரி டாக்டர். மீனாக்கா, ஒருவேளை எடுக்கறதா இருந்தா, ட்யூபோட ஆபீஸ் போலாமா?

மீனா மதுரை: நான் மாஸ்க் மாட்டிட்டு போனேன் தம்பி. அதுக்கு முந்துன ஒரு வாரம் மாத்திரைய நிறுத்தச் சொல்லுவாங்க பாரு, ட்யூப விட அதான் கொடுமை.