2 வருட ஆய்வு இடைவெளி: எந்த ப்ராஜெக்டில் சேரச் சொல்வது?

வணக்கம். அமெரிக்காவில் மருத்துவப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் சேர்ந்த எம்.டி.-பிஎச்.டி. படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் 2 வருடம் ஆய்வகத்தில் வேலை செய்ய நினைக்கும் மாணவர்களுக்காகக் கேட்கிறேன்.

பெயருக்குத்தான் 2 வருடம். ஜூலையில் சேர்ந்தால் அடுத்த ஜூனில் ஆம்காஸ் (மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறை) விண்ணப்பம் போட்டாக வேண்டும். கையில் இருப்பது 11 மாதம். ஆய்வு அனுபவக் கட்டுரைக்கு 10,000 கேரக்டர் வரை இடம் உண்டு. அதில் எழுத ஏதாவது ஒரு முடிவாவது வேண்டும், ஆய்வகத் தலைவரின் பரிந்துரைக் கடிதத்துக்கும் அதுதான் பலம். எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வை, ஆய்வகத்தில் சேரும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

சிக்கல் சுண்டெலியை வைத்துச் செய்யும் ப்ராஜெக்டில்தான். கர்ப்பகாலம் 3 வாரம், குட்டி இனப்பெருக்க வயதுக்கு வர 6 முதல் 8 வாரம். க்ரீ-லாக்ஸ் (குறிப்பிட்ட திசுவில் மட்டும் ஒரு மரபணுவை நீக்கும் முறை) கலப்புக்குக் குறைந்தது 2 தலைமுறை வேண்டும். ஆக, சோதனைக்கு ஏற்ற வளர்ந்த எலி கிடைக்கவே 5 மாதம் போய்விடும். ஈன்ற குட்டிகளில் வேண்டிய மரபணு அமைப்பு இல்லையென்றால் இன்னும் தள்ளும்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: தேவையான எலிகளின் காலனி தயாராக உள்ள ப்ராஜெக்டில் சேர்ந்து, ஏற்கெனவே உள்ள சீக்வென்சிங் (மரபணு வரிசை அறியும்) தரவில் தனக்கென ஒரு சிறு கேள்வியையும் எடுப்பது 11 மாதத்துக்குள் அடங்குமா? நேர்காணலிலேயே "எலிகள் இப்போது எந்தத் தலைமுறையில் இருக்கின்றன?" என்று கேட்கலாமா?