பொருள்: பல் மட்டுமே கிடைத்த அணிலுக்கு ஒரு கலைச்சொல்

ஐயா, வணக்கம்.

பற்களின் புதைபடிவம் மட்டுமே கிடைத்து, அதைக் கொண்டே அறியப்படும் அற்றுப்போன சிற்றினத்தை (species) எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு நீங்கள் முன்வைத்த "பல்லினம்" சுருக்கமான சொல். ஆனால் பல்லினச் சமூகம் என்று படித்துப் பழகியவர்களுக்கு அது "பல இனம்" என்றுதான் படும். "பல்லறி சிற்றினம்" என்றாலும் அதே சிக்கல். பல்லைக் குறிக்கும் "எயிறு" அழகான பழஞ்சொல், குறளில் "வாலெயிறு ஊறிய நீர்" என்றே வருகிறது. ஆனால் பள்ளி மாணவருக்கு முதலில் எயிறு என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை "பற்சான்று". பற்பசை, பற்பொடி, பற்சிப்பி (பல்லின் கடினமான மேலுறை) என்று "பற்" வரும் இடங்களில் நாம் பல் என்றே எடுத்துக்கொள்கிறோம். "பற்பல" போன்றவை விலக்கு.

"சான்று" வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பறக்கும் அணில்கள். சிறு விலங்குகளின் எலும்பு எளிதில் நொறுங்கிவிடும், பற்சிப்பியின் கடினத்தால் பல் தப்பிக்கும். ஆய்வாளர்கள் மண்ணை நீரில் கரைத்துச் சல்லடையில் அலசி அந்தப் பற்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அற்றுப்போன பறக்கும் அணில்களை நெடுங்காலம் அடையாளம் கண்டது பற்களை வைத்து மட்டும்தான். ஆனால் அந்தப் பல் அமைப்பு பறக்கும் அணில்களுக்கே உரியது அல்ல, மற்ற அணில்களிலும் உண்டு. ஆகவே சுமார் 3 கோடியே 60 லட்சம் ஆண்டு பழைய பற்களைப் பறக்கும் அணிலுடையவை என்று சொன்னபோது ஐயம் எழுந்தது. மரபணுக் கணிப்புகளோ பறக்கும் அணில்களின் கிளை மற்ற அணில்களிலிருந்து பிரிந்தது சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்றன.

அப்புறம் ஸ்பெயினில் பார்சலோனாவுக்கு அருகே கான் மாட்டா குப்பைக்கிடங்குப் பகுதியில் மியோபெட்டாரிஸ்டா நியோகிரிவென்சிஸ் என்ற அற்றுப்போன பறக்கும் அணிலின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது 1 கோடியே 16 லட்சம் ஆண்டு. 2018இல் ஆய்வு வெளிவந்தது. இன்றைய பறக்கும் அணில்களுக்கு மணிக்கட்டிலிருந்து நீளும் குருத்தெலும்பு ஒன்று உண்டு, காற்றில் சறுக்கிச் செல்ல உதவும் தோல் சவ்வை விரித்துப் பிடிப்பது அதுதான். அதைத் தாங்கும் மணிக்கட்டு எலும்புகளின் தனி அமைப்பு அந்த எலும்புக்கூட்டில் தெளிவாகத் தெரிந்தது. பல்லால் சொல்ல முடியாததை மணிக்கட்டு சொல்லிவிட்டது! இந்தப் புது ஆதாரத்தைச் சேர்த்துக் கணித்தபோது, அந்தப் பழைய பற்களில் சிலவாவது பறக்கும் அணிலுடையவையாக இருக்க இடமிருக்கிறது என்று தெரியவந்தது.

அதனால்தான் "பல்" என்பதோடு "சான்று" என்பதும் சொல்லுக்குள் இருக்கட்டும் என்கிறேன். நம் கையில் இருப்பது விலங்கு அல்ல, அதற்கான ஒருவகை ஆதாரம். எலும்புக்கூடு கிடைத்ததும் "பற்சான்று" என்ற அடைமொழி விலகிவிடும், விலங்கின் பெயர் மாறாது. பேரினத்துக்கும் (genus) இது பொருந்தும் என்பது இன்னொரு வசதி: பற்சான்றுச் சிற்றினம், பற்சான்றுப் பேரினம்.

வரையறையை இப்படி வைக்கலாம்: "பற்களின் புதைபடிவத்தை மட்டுமே கொண்டு அறியப்படும், அற்றுப்போன சிற்றினம் அல்லது பேரினம்."

ஒன்று மட்டும் பேசி முடிவு செய்ய வேண்டும். பல்லோடு ஒட்டிய தாடைத் துண்டும் கிடைத்திருந்தால் பற்சான்று என்று சொல்லலாமா? அடையாளம் காண உதவியது பல்தான் என்றால் சொல்லலாம் என்பது என் கருத்து. விலங்கியல் கற்பிக்கும் நண்பர்கள் சொல்லுங்கள், சரி என்றால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.