கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கலை: பின் டிரம்மை டிஸ்க்கா மாத்தலாமா?

சின்னவண்டி:
வணக்கம். 2013 மாடல் 800 சிசி கார் வச்சிருக்கேன். முன்னாடி டிஸ்க் பிரேக் (சக்கரத்தோட சுத்துற தட்டை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும்), பின்னாடி டிரம் பிரேக் (சுத்துற உருளையை உள்ளே இருந்து அழுத்திப் பிடிக்கும்). ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமத் தடுக்கிற வசதி) கிடையாது. போன வாரம் அம்மா, வீட்டுக்காரி, ரெண்டு பசங்களோட கொல்லிமலை போயிட்டு, சாயங்காலம் காரவள்ளி பக்கமா இறங்கினோம். பாதி மலை இறங்கியதும் ரப்பர் கருகுற மாதிரி வாடை. அடுத்த கொண்டை ஊசியில பெடலை மிதிச்சா பஞ்சை மிதிக்கிற மாதிரி உள்ளே போகுது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைச்சு, மலைப்பக்கச் சுவரோரம் ஒதுக்கி நிறுத்தினேன். அரை மணி நேரம் கழிச்சு பெடல் பழையபடி வந்துடுச்சு. அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

இங்கே ஒரு பட்டறையில, "பின்னாடியும் டிஸ்க் போட்டுட்டா பிரச்சினையே இருக்காது, 28,000 ரூபாய் ஆகும்" என்கிறாங்க. பணத்தைப் புரட்டிடுவேன். ஆனா இதுதான் சரியான தீர்வா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேகன்தம்பி:
டிஸ்க் போட்டுடுங்க அண்ணா. டிரம்மெல்லாம் பழைய காலத்து விஷயம்.

பட்டறை பெரியசாமி:
தம்பி, பணத்தைக் கொடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. எந்த கியர்ல இறங்கினீங்க? பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினது? பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலையா, இல்லை பொசுக்குன்னு உள்ளே போச்சா? ஆயில் டப்பாவுல அளவு எங்கே நிக்குது?

சின்னவண்டி:
மூணாவது கியர் ஐயா, சில இடத்துல நாலு. வளைவுல கிளட்சை மிதிச்சுக்கிட்டே பிரேக் போட்டேன். ஆயில், வண்டி வாங்கி நாலு வருஷமா மாத்தினதே இல்லை. பெடல் பொசுக்குன்னுதான் போச்சு. இப்போ பார்த்தேன், டப்பாவுல மினிமம் கோட்டைத் தொட்டுக்கிட்டு இருக்கு.

பட்டறை பெரியசாமி:
பாதி பதில் அதுலயே இருக்கு தம்பி.

பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலைன்னா, பேடும் (டிஸ்க் தட்டைக் கவ்வுற உராய்வுக் கட்டை) லைனரும் (டிரம்மை உரசுற பட்டை) சூட்டுல பிடிமானம் இழந்திருக்குன்னு அர்த்தம். பஞ்சு மாதிரி உள்ளே போனா முதல்ல ஆயிலைத்தான் சந்தேகப்படணும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3ங்கிற தரத்து ஆயில் புதுசா இருக்கிறப்போ குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினா அந்த வரம்பு 140க்கு இறங்கிடும். டாட் 4க்கு இதுவே 230, 155. மலை இறக்கத்துல காலிப்பர் (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) பக்கத்துல ஆயில் கொதிச்சா ஆவிக் குமிழி வரும். திரவத்தை அமுக்கினா விசை போய்ச் சேரும். ஆவி சுருங்கிடும், பெடல் உள்ளே போயிடும். ஆறினதும் குமிழி அடங்கும். அதான் அரை மணியில சரியானது. டிரம்மும் சூட்டுல விரிஞ்சு, லைனர் ஒட்டியிருக்கிற ஷூவை விட்டு விலகும், அதுவும் பெடலை இன்னும் கொஞ்சம் இறக்கும்.

சூடு எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க. ஆளோட ஒரு டன் எடை, ஆயிரம் மீட்டர் இறங்குதுன்னு வைங்க. அதுல வர்ற சக்தி ஏறக்குறைய 2.7 யூனிட் கரண்ட். 2 கிலோவாட் கீசர் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுற சூடு. காத்தும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கும், மிச்சத்தை இஞ்சின் வாங்கலைன்னா பிரேக்தான் வாங்கணும். கிளட்சை மிதிச்ச நேரமெல்லாம் இஞ்சின் உங்களுக்கு உதவவே இல்லை. நம்ம நாமக்கல் லாரிங்க பெரும்பாலும் டிரம் பிரேக்லதான் மலை இறங்குது. டிரைவருங்க முதல்லயே கியரைக் குறைச்சுடறாங்க, அவ்வளவுதான்.

டிஸ்க்குக்கு வர்றேன். அது காத்துல திறந்து கிடக்கிறதால சீக்கிரம் ஆறும், தண்ணி பட்டாலும் உடனே காயும். ஆனா பிரேக் போடுறப்போ எடை முன்னாடி சாயும். உங்க மாதிரி முன்சக்கர இழுவை வண்டியில முக்கால்வாசி வேலை முன் பிரேக்குக்குத்தான். அங்கே ஏற்கெனவே டிஸ்க் இருக்கு. பின்னாடி போடுற டிஸ்க், முன்னாடி கொதிக்கிற ஆயிலை என்ன பண்ணும்? பின் டிரம் மட்டமான சரக்குன்னு நினைக்காதீங்க, வோக்ஸ்வாகன் ஐடி.4 மின்சாரக் கார்லயே பின்னாடி டிரம்தான்.

இன்னொண்ணு. டிரம்முல முன் ஷூ, சக்கரம் சுத்துற வேகத்துல தானே இறுகிக்கும். டிஸ்க்குல அது கிடையாது. காலிப்பர் பிஸ்டன், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற பாகம்), முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தம் பிரிக்கிற வால்வு மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். பிஸ்டன் சின்னதா போனா பின் பிரேக் பேருக்குத்தான் இருக்கும். பெரிசா போனா முன்சக்கரத்துக்கு முந்தி பின்சக்கரம் லாக் ஆகும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில, ஈர ரோட்டுல, வண்டி அப்படியே திரும்பி நிக்கும். குழந்தைங்களை வச்சுக்கிட்டு அந்தச் சோதனை வேண்டாம் தம்பி.

மழைக்காலம்:
ஐயா சொல்றது என் அனுபவம். நாலு வருஷம் முன்னாடி பின்னாடி டிஸ்க் மாத்தினேன். வேற மாடல் காலிப்பர், ஹேண்ட் பிரேக் கேபிள் நீளம் ஒத்துவரலை. சரிவுல நிறுத்தினா சக்கரத்துக்குக் கல் வைக்கணும். மழையில ஒருநாள் அழுத்தி மிதிச்சதும் பின்பக்கம் விலகி டிவைடரை உரசிடுச்சு. மறுபடி டிரம்முக்கே வந்துட்டேன்.

பட்டறை பெரியசாமி:
நாலு சக்கரத்தையும் கழட்டச் சொல்லி பக்கத்துல நின்னு பாருங்க. முன் பேட் எவ்வளவு மிச்சம், ரோட்டர் (டிஸ்க் தட்டு) தடிமன் அதுல பொறிச்ச குறைஞ்சபட்ச அளவுக்கு மேல இருக்கா, டிரம் உள்விட்டம் பொறிச்ச உச்ச அளவைத் தாண்டியிருக்கா, மூணையும் கேளுங்க. டிரம்முக்குள்ளே ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டரோட ரப்பர் மூடியை லேசா தூக்கிப் பாருங்க. உள்ளே ஈரம் இருந்தா ஒழுகுது. ஆயில் ஊறின லைனரைத் துடைச்சுப் போட விடாதீங்க; ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்தணும்.

சின்னவண்டி:
ஐயா, இன்னிக்கு வேற பட்டறையில பிரிச்சோம். இடது பின் டிரம்மைத் தட்டி எடுத்ததும் உள்ளே கறுப்புச் சேறு. லைனர் தூளும் ஆயிலும் கலந்து களிம்பு மாதிரி ஒட்டியிருந்துச்சு. வீல் சிலிண்டர் ஒழுகல். முன் பேட் ரெண்டு மில்லிதான் மிச்சம். பழைய ஆயிலைப் பாட்டில்ல பிடிச்சோம், காபி டிக்காஷன் நிறம். பின் சிலிண்டர் ரெண்டும், லைனர், பேட், டாட் 4 ஆயில் எல்லாம் மாத்தி, ஆயில் குழாயில இருந்த ஏரை எடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் சரி பண்ணியாச்சு. 7,400 ஆச்சு. டிஸ்க் யோசனையை விட்டுட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியா மலை ஏறி, ரெண்டாவது கியர்லயே இறங்கப் போறேன். வந்து எழுதறேன்.

சின்னவண்டி:
இறங்கிட்டேன் ஐயா. வளைவுக்கு முன்னாடி ஒரு அழுத்து, உடனே காலை எடுத்துடறேன். மிச்சத்தை இஞ்சினே பிடிச்சுக்குது. வாடை இல்லை. அடிவாரத்துலயும் பெடல் கிளம்பினப்போ இருந்த உயரத்துலயே நிக்குது. அடுத்த மாசம் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அம்மா வர்றேன்னு சொல்லியிருக்காங்க.