நாலு மணி நேரம் ஃபோல்ட் பண்ணியவனுக்கு மேசை கொடுத்த கூலி

உம்கேனி:
சனிக்கிழமை இரவு தென்னாப்பிரிக்கா டர்பனில் பத்து-இருபது ரேண்ட் போக்கர் மேசையில் 2,000 ரேண்டோடு உட்கார்ந்தேன். இந்தத் தடவை பொறுமையாகத்தான் ஆடுவது என்று வீட்டிலேயே சபதம் போட்டுக்கொண்டு போனேன். நாலு மணி நேரத்தில் நூறு, நூற்றுப்பத்து கை வந்திருக்கும், பத்துப் பன்னிரண்டைத் தவிர எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு விலகினேன் (அதுதான் ஃபோல்ட்), சீட்டைப் பார்க்குமுன்பே முறைவைத்துக் கட்டுகிற பிளைண்டாகவே 350 ரேண்ட் கரைந்தது. ஒருவழியாகக் கையில் எட்டு ஜோடி (இரண்டு எட்டு) வந்து, ஃப்ளாப்பில், அதாவது மேசையில் பொதுவாக விழும் முதல் மூன்று சீட்டில், மூன்றாவது எட்டும் விழுந்தது. 60 ரேண்ட் வைத்தேன். கூட இருந்த மூன்று பேரும் சீட்டை வீசிவிட்டார்கள். எதிரில் இருந்த பெரியவர் டீலரிடம் "தம்பி முழிச்சிக்கிட்டார்" என்றார், மேசையே சிரித்தது.

அரை மணி கழித்து ராஜா ஜோடி. 80க்கு ஏற்றினேன், அந்தப் பெரியவர் மட்டும் கூட வந்தார். ஃப்ளாப்பில் ஆஸ், ஒன்பது, நாலு. அவர் காசு வைக்காமல் சும்மா தட்டினார், நான் 100 வைத்தேன், அவரும் அதே தொகையை வைத்துக் கூப்பிட்டார். நாலாவது சீட்டு விழுந்ததும், டர்னில், அவரே 300 வைத்தார், கூப்பிட்டேன். ஐந்தாவது, கடைசிச் சீட்டான ரிவரில் என்னிடம் மிச்சமிருந்த 1,200 சொச்சத்தையும் கேட்டார். கூப்பிட்டேன். ஆஸ்-பத்தைத் திருப்பிக் காட்டினார், அவர் ஆஸ் ஜோடி என் ராஜா ஜோடியை அடித்துவிட்டது.

பொறுமை பொறுமை என்று எல்லோரும் சொல்கிறீர்களே, அதற்குக் கூலி இதுதானா?

மெரிபேங்க் மாமா:
தம்பி, நீ பொறுமையாக இருந்தது குப்பைச் சீட்டில். ஏழு-இரண்டைக் கவிழ்க்க என்ன கட்டுப்பாடு வேண்டியிருக்கிறது? இரண்டு ராஜாவைக் கவிழ்க்கத்தான் வேண்டும். கையில் ராஜா ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பில் ஒரு ஆஸாவது விழ 22 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது, நாலைந்து தடவைக்கு ஒரு தடவை. அதிர்ச்சி ஆகிற விஷயமே இல்லை. முதலில் தட்டிவிட்டுக் கூப்பிட்ட மனுஷன் டர்னில் தானாக 300 வைக்கிறார் என்றால் உன் ராஜா அப்போதே செத்துப் போச்சு.

நம் ஆட்களிடம் இன்னொரு கோளாறு உண்டு. நாமெல்லாம் தூனி என்கிற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். நலங்கு இரவு, தீபாவளி, எழவு வீடு, எங்கே போனாலும் நாலு பேர் உட்கார்ந்து 24 சீட்டைக் கலைத்தால் தூனிதான். அதில் ஃபோல்ட் என்பதே கிடையாது. ஆறு சீட்டு வந்தால் ஆறையும் ஆடியே தீரவேண்டும், எதிரில் ஜோடிக்காரன் முறைத்துக்கொண்டு இருப்பான். சீட்டைக் கீழே வைப்பது கோழைத்தனம் என்று பத்து வயதிலேயே ரத்தத்தில் ஏறிவிடுகிறது. போதாததற்கு தூனியில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கே 11தான். டர்பன் சாட்ஸ்வொர்த்துப் பையன்கள் போக்கரில் ஜாக்கி-ஒன்பது வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள், ஒன்று இஸ்பேட் ஒன்று டைமண்ட் என்று வேறு வேறு பூவாக இருந்தாலும் சரி. நான் இதை நேரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அவர்கள் காசில் சாப்பிட்டும் இருக்கிறேன்.

இஸ்பேட் ராணி:
மாமா, ரிவரில் கூப்பிட்டது தப்பு, அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் தம்பி அதற்கு முன்னால் சொன்ன எட்டு ஜோடிக் கதையை நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய தோல்வி. கையில் ஜோடி வருவதே 17 கைக்கு ஒன்று, வந்தாலும் ஃப்ளாப்பில் மூன்றாவது விழுவது எட்டரைக்கு ஒரு தடவை. நாலு மணி நேரம் காத்து, அப்படி ஒரு கை வந்து, கூடுதலாக ஒரு ரேண்ட் கிடைக்கவில்லை. ஏன்? அவன் எப்போதெல்லாம் காசு வைக்கிறானோ அப்போது சீட்டு இருக்கிறது என்று மேசைக்கே தெரிந்துவிட்டது. அதைப் பொறுமை என்று நான் சொல்லமாட்டேன், நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

கணக்கும் சொல்கிறேன். நடுவில் சேர்ந்த பணம் 600 இருக்கிறது, நான் 300 வைக்கிறேன், என் கையில் ஒன்றுமே இல்லை. நீங்கள் மூன்று தடவைக்கு ஒரு தடவை ஃபோல்ட் பண்ணினாலே எனக்கு நஷ்டமில்லை, அதற்கு மேல் பண்ணினால் லாபம். பொறுமைசாலிகள் மூன்றுக்கு இரண்டு தடவை கவிழ்க்கிறார்கள். எனக்கு சீட்டே தேவையில்லை, பொறுமைசாலி பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும்.

ஜோபர்க் நெல்லைக்காரன்:
நான் ஊரில் ரம்மி ஆடியவன், அதனால் எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. ரம்மியில் சீட்டு வந்தவுடனே ஸ்கூட் விட்டால், அதாவது ஆட்டத்தை விட்டு விலகினால், 20 பாயிண்ட் நஷ்டம், ஒரு சீட்டு எடுத்து ஆடிவிட்டு நடுவில் விட்டால் 40, மாட்டினால் ஃபுல் கவுண்ட், 80 வரைக்கும் போகும். விலை முன்கூட்டியே எழுதியிருக்கிறது, அதனால் எவனும் ஸ்கூட் விட வெட்கப்படுவதில்லை. போக்கரில் விலைப்பலகை இல்லை, நாமே கணக்குப் போடவேண்டும். உம்கேனி தம்பி ஃப்ளாப்பில் 100 வைத்தது சரி. டர்னில் விட்டிருந்தால் மொத்தச் சேதம் 180 ரேண்ட். அதுவே கடைசியில் 1,700க்குப் போய் நின்றது. முதல் ஸ்கூட்டை நூறு தடவை ஒழுங்காக விட்டவன் நடு ஸ்கூட்டை விடத் தெரியாமல் ஃபுல் கவுண்ட் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

மெரிபேங்க் மாமா:
நெல்லைக்காரர் சொன்னது கணக்காக இருக்கிறது. ராணிக்கு ஒன்று சொல்கிறேன். 2007இல் லாஸ் வேகாஸ் உலகப் போக்கர் போட்டியில் நம் நாட்டு ரேமண்ட் ராமே மூன்றாவதாக வந்தார், ஞாபகம் இருக்கிறதா? 6,358 பேர் ஆடிய போட்டி. அவர் எப்படி வெளியேறினார்? கையில் ராஜா ஜோடி, ஃப்ளாப்பில் ஆஸ். எதிரில் ஜெர்ரி யாங் கையில் ஆஸ்-ஐந்து. தம்பி சனிக்கிழமை செய்த அதே காரியம்.

இஸ்பேட் ராணி:
மாமா, அந்த மூன்றாம் இடத்துக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ராஜாவைக் கவிழ்த்துக் கவிழ்த்து ஒருவர் அவ்வளவு தூரம் போயிருப்பார் என்று நம்புகிறீர்களா? ஒரு கையில் வெளியேறினார் என்பதற்காக அந்த மனுஷனை ஏன் இழுக்கிறீர்கள்?

நானும் ஒன்று சொல்கிறேன். 2003, அதே போட்டியின் கடைசி மேசை, மிச்சம் இரண்டே பேர். சாமி ஃபர்ஹா கையில் ஒரு ஒன்பது, மேசையில் இன்னொரு ஒன்பது, விழுந்த சீட்டிலேயே பெரியது அந்த ஒன்பதுதான். கிறிஸ் மணிமேக்கர் எல்லாவற்றையும் நடுவே தள்ளினார், கையில் வெறும் ராஜா, ஒன்றுமே சேரவில்லை. எதிராளிக்கு ஒரே பூவில் ஐந்து சீட்டு சேராமல் போயிருக்குமோ என்று ஃபர்ஹாவுக்கே சந்தேகம் வந்தது, இருந்தும் யோசித்து யோசித்துக் கவிழ்த்தார். பட்டம் மணிமேக்கருக்குப் போனது. உங்கள் கட்டுப்பாட்டுக் கணக்கில் அது என்ன?

மெரிபேங்க் மாமா:
அது தப்பான ஃபோல்ட். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் எதிரில் இருந்தது மணிமேக்கர். தம்பி எதிரில் இருந்தது சனிக்கிழமைப் பெரியவர். அந்த மேசையில் நான் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், அறுபது வயசுக்காரர் கையில் ஒன்றுமில்லாமல் ரிவரில் ஆயிரத்துக்கு மேல் வைத்து மிரட்டி, பிளஃப் பண்ணி நான் பார்த்ததே இல்லை. உன் மூன்றுக்கு ஒன்று கணக்கு, எதிராளி பிளஃப் பண்ணுகிறவனாக இருந்தால்தான் செல்லும். பிளஃபே பண்ணாதவனை எதற்குக் கூப்பிடவேண்டும்? அவன் காசு வைத்தால் எழுந்து போய் டீ குடி.

இஸ்பேட் ராணி:
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் மாமா, ஆளைப் பார்த்துக் கவிழ்ப்பது என்று! சரி, அப்படியானால் மறுபக்கமும் உண்மைதானே. பிளஃப் பண்ணாத பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மேசையில், ஒன்றும் சேராதபோது அவர்கள் எல்லோரும் கவிழ்ப்பார்கள். அங்கே போய் நாலு மணி நேரம் ஆஸ் ஜோடிக்குத் தவம் கிடப்பதா? அது 221 கைக்கு ஒன்று, அந்த மேசை ஓடுகிற வேகத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. டோர்னமெண்டாக இருந்தால் பிளைண்ட் ஏறிக்கொண்டே போகும், தவம் முடிவதற்குள் காசு முடிந்துவிடும்.

தம்பி, ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடுகிற இடமான பட்டனில் உட்கார்ந்திருக்கும்போது, முன்னால் எல்லோரும் கவிழ்த்துவிட்டால், இஸ்பேட் ஏழு-ஆறு மாதிரி கையோடும் 50, 60க்கு ஏற்று. மாட்டினால் ஃப்ளாப்பில் விடு. மணிக்கு இரண்டு தடவை செய்தால் போதும், எட்டு ஜோடி வரும்போது ஒருத்தனாவது கூட வருவான்.

உம்கேனி:
நிஜத்தைச் சொல்கிறேன், டர்னிலேயே எனக்குத் தெரியும். பெரியவர் 300ஐ நகர்த்தும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை, தேநீர்க் கோப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் நாலு மணி நேரம் காத்திருந்து கிடைத்த ராஜா, அதையும் விட்டால் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று இருந்தது. "தம்பி முழிச்சிக்கிட்டார்" வேறு காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜோபர்க் நெல்லைக்காரன்:
அந்த ஒரு வரிக்கு 1,500 ரேண்ட் கொடுத்திருக்கிறீர்கள்.

மெரிபேங்க் மாமா:
அதுதான் நான் சொன்ன தூனி புத்தி. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தால் அந்த வரி போயிருக்கும்.

ராணி சொன்ன ஏழு-ஆறு விஷயம், மேசை இறுகிக் கிடந்தால் செய்யலாம், ஆனால் பெரியவர் உனக்கு இடப்பக்கம் இருந்தால் செய்யாதே. அவர் உனக்குப் பின்னால் ஆடுவார், நீ ஏற்றியதைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுவார்.

அப்புறம், வெள்ளிக்கிழமை மெரிபேங்கில் என் தங்கை மகள் நலங்கு. சாப்பாட்டுக்குப் பிறகு தூனிக்கு இரண்டு கை குறைகிறது. தம்பி, நீ வா, ராணியையும் கூப்பிடு.

இஸ்பேட் ராணி:
வருகிறேன். ஆனால் உங்கள் ஜோடியாக உட்கார மாட்டேன் மாமா, கையில் ஜாக்கியை வைத்துக்கொண்டு கடைசி வரை இறக்கமாட்டீர்கள்.